துருப்பு எப்போது வேலை செய்யும்? மும்பையில் சீட்டாடக் கற்பவர்களுக்கு

தேர்தல் நேரத்து டிவி விவாதங்களில் ஒரு வாசகம் தவறாமல் வரும்: "கடைசித் துருப்புச் சீட்டை இறக்கிவிட்டார்." எதையும் வெல்லும் ஒற்றைச் சீட்டு ஒன்று இருக்கிறது, வேண்டும்போது உருவி வீசலாம் என்பதுதான் இதைக் கேட்பவர் மனதில் பதிவது. சீட்டாட்டத்தில் இரண்டுமே தப்பு. துருப்பு என்பது ஒரு சீட்டு இல்லை, அந்த ஆட்டத்துக்கு மற்ற இனங்களை வெல்லும் பலம் பெற்ற ஒரு முழு இனம், முழுக்கட்டில் 13 சீட்டு. நினைத்த நேரத்தில் வீசவும் முடியாது.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் மெண்டிகோட் என்ற சீட்டாட்டம் ஆட உட்காரும்போது வெளியே வரும். கணபதி மண்டலில் (விநாயகர் விழாப் பந்தலில்) ராத்திரிக் காவல் இருக்கும்போது மராட்டி நண்பர்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்த நம் பிள்ளைக்கு வீட்டில் தெரிந்தது ரம்மி, சின்ன வயதில் ஆடிய கழுதை. "ஹுகும் பதாம்" (துருப்பு ஆட்டின்) என்று யாரோ அறிவித்ததும் கையில் இருக்கும் பதாமையெல்லாம் முதல் ஆளாக வீசத் தொடங்குவார். இரண்டு சுற்றில் கூட்டாளி முகம் மாறிவிடும்.

ரம்மியில் சீட்டைச் சேர்க்கிறோம். மெண்டிகோட், 304, 28, ஜட்ஜ்மென்ட், பிரிட்ஜ் எல்லாம் வேறு குடும்பம். அவற்றில் சீட்டைப் பிடிக்கிறோம். இந்தக் குடும்பத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான். அது புரிந்தால் மற்ற ஆட்டங்களை ஒரு சாயங்காலத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் கட்டு

52 சீட்டு, நாலு இனம், இனத்துக்கு 13. நாம் இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்கிறோம். மராட்டி நண்பர்கள் இஸ்பிக், பதாம், சௌகட், கில்வர் என்பார்கள். ஏஸுக்கு எக்கா, ஜாக்கிக்கு குலாம். துருப்புக்கு ஹுகும், சிலர் இஸ்பேடையும் ஹுகும் என்றே சொல்வார்கள், அதனால் அறிவிக்கும்போது எதைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஜோக்கர் இரண்டையும் எடுத்து டப்பாவில் வைத்துவிடலாம். ஜோக்கரையும் துருப்பையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். ரம்மி ஜோக்கர் இல்லாத சீட்டுக்கு மாற்றாக நிற்கும். துருப்பு எதற்கும் மாற்று கிடையாது. துருப்பு ஆட்டின் என்றால் ஆட்டின் 5 அப்போதும் ஆட்டின் 5-தான். அதன் இனத்துக்கு மட்டும் பலம் கூடியிருக்கிறது.

பிடி

நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு சீட்டை இறக்குகிறார், மற்ற மூவரும் முறையாக ஆளுக்கு ஒன்று போடுகிறார்கள். இந்த நாலு சீட்டுக்கும் சேர்த்துப் பிடி என்று பெயர். முதல் சீட்டின் இனத்தில் பெரியதைப் போட்டவர் நாலையும் எடுத்துக்கொள்வார், அடுத்த சீட்டையும் அவரே இறக்குவார். ஆளுக்கு 13 சீட்டு என்றால் ஒரு ஆட்டத்தில் 13 பிடி.

"அடுத்ததையும் அவரே இறக்குவார்" என்பதைப் புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். எந்த இனத்தில் சண்டை நடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அது. சில சமயம் பிடியில் கிடைத்த சீட்டைவிட அந்த உரிமைக்கு மதிப்பு அதிகம்.

கையில் இருந்தால் போட்டாக வேண்டும்

முதல் ஆள் எந்த இனத்தை இறக்கினாரோ, அந்த இனம் உங்கள் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். பெரியதா சின்னதா என்பது உங்கள் இஷ்டம். இனத்தை மாற்ற மட்டும் உரிமை இல்லை. வைத்துக்கொண்டே வேறு இனம் போட்டால் அழுகுணி ஆட்டம். பின்னால் அந்தச் சீட்டு வெளிவரும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தண்டனை என்ன என்பது ஆளுக்கு ஆள் மாறும், திட்டு மட்டும் எல்லா இடத்திலும் உறுதி.

செம்பூரில் இருப்பவர்களுக்கு இதை மெகா பிளாக்கை வைத்துச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலைக்காகக் குர்லாவுக்கும் சிஎஸ்எம்டிக்கும் நடுவே ஹார்பர் லைன் வண்டிகளை நிறுத்துவார்கள். அந்த நேரத்துக்கு மட்டும், ஹார்பர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மெயின் லைனில் போகலாம் என்று அறிவிப்பு வரும். திங்கட்கிழமை அதே டிக்கெட்டோடு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. உங்கள் லைன் ஓடுகிறது, அதில்தான் போக வேண்டும். லைன் மூடியிருக்கும்போது மட்டும் சலுகை உயிர்பெறும்.

துருப்பும் அப்படியே. இறக்கிய இனம் உங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை துருப்பைத் தொட முடியாது. அந்த இனம் கையில் தீர்ந்த பிறகுதான் துருப்புக்கு வழி திறக்கும். ஒப்புமை இதோடு சரி. மெயின் லைனில் போகிறவருக்கு மற்றப் பயணிகளைத் தள்ளிவிடும் அதிகாரம் கிடையாது, துருப்புக்கு உண்டு.

ஒரு பிடியை நாலு விதமாகப் பார்ப்போம்

துருப்பு கிளாவர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு எதிரே கூட்டாளி. இடமும் வலமும் எதிரணி. இடப்பக்கத்தவர் ஆட்டின் ராஜாவை இறக்குகிறார். கூட்டாளி ஆட்டின் 4. வலப்பக்கத்தவர் ஆட்டின் 10. இப்போது உங்கள் முறை.

உங்களிடம் ஆட்டின் 3 ஒன்று இருக்கிறது, கிளாவர் ஏஸும் இருக்கிறது. வேறு வழியே இல்லை, 3-ஐத்தான் போட வேண்டும். பிடி இடப்பக்கத்தவருக்கு. கட்டிலேயே பலமான சீட்டு கையில் இருந்தும் வேடிக்கை பார்க்கிறீர்கள்.

உங்களிடம் ஆட்டினே இல்லை, கிளாவர் 2 இருக்கிறது என்றால் கதை வேறு. அந்த 2-ஐப் போடலாம். துருப்பின் ஆகச் சின்னச் சீட்டு, ஆனாலும் ராஜாவையும் பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். இதற்குப் பெயர் வெட்டு.

மூன்றாவது, ஆட்டின் இல்லை என்பதற்காக வெட்டியே தீர வேண்டும் என்று பெரும்பாலான ஆட்டங்களில் கட்டாயம் இல்லை. டைமன் 5 போன்ற உபயோகமில்லாத ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். இது கழிவு. கழித்த சீட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பிடி கிடைக்காது. டைமன் ஏஸையே போட்டாலும் இறக்கிய இனம் ஆட்டின், அதனால் ஏஸுக்கு மதிப்பில்லை.

கடைசியாக, உங்களுக்கு முன்னாலேயே வலப்பக்கத்தவர் ஆட்டின் இல்லாமல் கிளாவர் 6-ஆல் வெட்டியிருந்தால்? உங்களிடமும் ஆட்டின் இல்லையென்றால் கிளாவர் 7-ஓ அதற்கு மேலோ போட்டு மேல்வெட்டு வெட்டலாம். துருப்புகளுக்குள் பெரியது ஜெயிக்கும்.

சுருக்கமாக: இனம் இருந்தால் அதையே போடு. இல்லையென்றால் வெட்டலாம் அல்லது கழிக்கலாம். பிடியில் துருப்பு விழுந்திருந்தால் பெரிய துருப்பு வெல்லும், விழாவிட்டால் இறக்கிய இனத்தின் பெரிய சீட்டு வெல்லும்.

ஏஸ் ஏன் தோற்கிறது

"நல்ல கை வந்தது, நாலு ஏஸ், ஆனாலும் தோற்றுவிட்டேன்" என்ற புலம்பலை ராசிக்கணக்கில் எழுதுகிறோம். கணக்கு அதைவிட எளிது. ஒரு இனத்தில் 13 சீட்டு, ஆடுபவர் நாலு பேர். சராசரி ஆளுக்கு மூன்றேகால்.

ஒரு இனத்தை முதல் முறை இறக்கும்போது அநேகமாக எல்லோரிடமும் அந்த இனம் இருக்கும். நாலு சீட்டு போய்விடும். இரண்டாம் முறை இன்னொரு நாலு. இப்போது மிச்சம் 5. மூன்றாம் சுற்றிலும் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்க வேண்டுமென்றால் அந்த ஐந்தும் கிட்டத்தட்ட சமமாகப் பிரிந்திருக்க வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். ஆகவே முதல் சுற்றில் ஏஸ் பாதுகாப்பு, இரண்டாவதில் கொஞ்சம் பயம், மூன்றாவதில் யாராவது வெட்டக் காத்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "பெரிய சீட்டைக் கடைசிக்கு வை" என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், துருப்பு இல்லாத இனங்களில் அதை மறந்துவிடலாம்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு ஆட்டத்தின் சுவையே. வெட்டும் பலம் துருப்பால் மட்டும் வருவதில்லை. இன்னொரு இனம் கையில் *இல்லாததால்* வருகிறது. ஆறு துருப்பு வைத்திருக்கிறீர்கள், மற்ற மூன்று இனங்களிலும் இரண்டு மூன்று சீட்டு இருக்கிறது. அந்தத் துருப்புகள் ஆரம்பச் சுற்றுகளில் தூங்கும். மூன்று துருப்பும் ஒரே ஒரு டைமனும் வைத்திருப்பவர் இரண்டாம் டைமன் சுற்றிலேயே வெட்டத் தயார்.

13 சீட்டு கையில் வரும்போதே ஒரு இனம் அறவே இல்லாமல் அமைவது 100 கைகளில் சுமார் 5 முறைதான். அதாவது காலி இனம் தானாக வருவதில்லை, நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும் சின்ன இனத்தைச் சீக்கிரம் இறக்கித் தீர்க்கலாம். அல்லது வேறு இனத்தில் கழிக்க வாய்ப்பு வந்தால் அதைத் தள்ளிவிடலாம். புதியவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள்: ஒவ்வொரு இனத்திலும் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடைசிவரை கடமையில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

துருப்பையே இறக்கினால்

இனம் தொடரும் கடமை துருப்புக்கும் பொருந்தும். நீங்கள் துருப்பை இறக்கினால் வைத்திருப்பவர் எல்லோரும் துருப்பு போட்டாக வேண்டும். எதிராளி வெட்டுவதற்காகச் சேமித்து வைத்திருந்ததை இப்படிப் பிடுங்கிவிடலாம்.

உங்களுக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து 8 துருப்பு இருந்தால் எதிரணியிடம் 5. அந்த ஐந்தும் ஒருவரிடம் 3, மற்றவரிடம் 2 என்று பிரிந்திருக்க மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. அப்படிப் பிரிந்திருந்தால், மூன்று சுற்றுத் துருப்பு இறக்கியதும் எதிரணியிடம் ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகு உங்கள் ஏஸ்களை யாரும் வெட்ட முடியாது. கையில் நீளமாக ஒரு இனம் இருந்து, மற்றவர்களிடம் அது தீர்ந்திருந்தால் அதன் 2-கூடப் பிடி எடுக்கும்.

எல்லா நேரமும் இதைச் செய்யக்கூடாது. கூட்டாளியின் துருப்பும் இதே சுற்றுகளில் கரையும். அவர் ஏதோ ஒரு இனத்தில் காலியாகி வெட்டக் காத்திருப்பது போலத் தெரிந்தால் துருப்பை இறக்காமல் அந்த இனத்தை இறக்குவதுதான் நல்ல கூட்டாளிக்கு அழகு. மண்டல் ராத்திரிகளில் நடக்கும் சண்டைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

இதுவரை: பெரிய சீட்டுகளை ஆரம்பத்தில் எடுக்கப் பாருங்கள், சின்ன இனத்தைக் காலி செய்யுங்கள், துருப்பு உங்கள் அணியிடம் அதிகம் என்றால் எதிரணியிடம் இருப்பதைப் பிடுங்குங்கள்.

மெண்டிகோட்

மும்பையில் முதலில் கற்க இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஏலம் இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர் கூட்டாளி, ஆளுக்கு 13 சீட்டு. ஏஸ்தான் பெரியது, 2 சின்னது. பத்துக்கு மெண்டி என்று பெயர். கட்டில் நாலு மெண்டி. மூன்றோ நாலோ பிடித்த அணி வெல்லும். இரண்டு இரண்டாகப் பிரிந்தால் ஏழு பிடியோ அதற்கு மேலோ எடுத்த அணிக்கு வெற்றி. நாலு மெண்டியையும் ஒரே அணி பிடித்தால் அதுதான் மெண்டிகோட், எதிரணிக்கு அவமானம்.

துருப்பைத் தீர்மானிக்கும் முறை ஆட்களுக்கு ஏற்ப மாறும். ஒருவர் ஒரு சீட்டை மூடி வைத்து, தேவை வரும்போது திறப்பது ஒரு முறை. இதற்கு பந்த் ஹுகும் என்று பெயர். இன்னொன்று கட் ஹுகும். கற்பவருக்கு இதுவே நல்லது. இதில் ஆட்டம் தொடங்கும்போது துருப்பே கிடையாது. இறக்கிய இனம் கையில் இல்லாத முதல் ஆள் என்ன சீட்டு போடுகிறாரோ, அதன் இனம் அப்போதிலிருந்து துருப்பு. காலியாக இருப்பதற்குப் பரிசாகத் துருப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடைக்கிறது. கையில் ஒரு டைமனும் ஆறு இஸ்பேடும் இருந்தால் டைமனை முதலில் இறக்கிவிட்டு, யாராவது திரும்ப டைமன் இறக்கக் காத்திருங்கள். இறக்கியதும் இஸ்பேடைப் போட்டுத் துருப்பாக்கிவிடலாம்.

இனி மெண்டியை எப்போது போடுவது? கூட்டாளி ஒரு இனத்தின் ஏஸை முதல் சுற்றில் இறக்கினால், அதே இனத்தில் உங்களிடம் இருக்கும் பத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் போட இருக்கிறார், ஆனால் முதல் சுற்றில் அவர் காலியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அதே பத்தை மூன்றாம் சுற்றுவரை வைத்திருந்தால் யாரோ ஒருவரின் 2 அதை வெட்டிக்கொண்டு போகும். நாலாவது ஆளாகப் போடும்போது கூட்டாளியின் பிடி உறுதியாகத் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். பத்தை நீங்களே முதலில் இறக்குவது மட்டும் ஆகாத வேலை. மேலே ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நாலும் போயிருந்தால்தான் அதற்குக் கொஞ்சமாவது உயிர் உண்டு.

எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க முயன்று தலைவலி வாங்கிக்கொள்ளாதீர்கள். துருப்பு எத்தனை விழுந்தது, எந்தெந்தப் பத்து போனது என்ற இரண்டு கணக்கு ஆரம்பத்துக்குப் போதும். இதைக் கற்க வீடோ மண்டலோதான் நல்ல இடம். ஃபாஸ்ட் லோக்கலில் மடியில் பையை விரித்து ஆடும் கூட்டத்தில் போய் நின்றால், அவர்கள் போடும் வேகத்தில் எந்த இனம் இறங்கியது என்று பார்ப்பதற்குள் பிடி முடிந்துவிடும்.

304, 28, 56

இவை தெற்கத்தி உறவினர்கள். விதி மாறவில்லை, சீட்டின் வரிசையும் மதிப்பும்தான் மாறுகின்றன. 304-லும் 28-லும் 7 முதல் ஏஸ் வரை 32 சீட்டுதான். ஜாக்கிதான் தலை, அடுத்தது 9, பிறகு ஏஸ், 10, ராஜா, ராணி. 304-ல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. கேரளத்துக்காரர்கள் விரும்பும் 28-ல் ஜாக்கி 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் தலா 1. இனத்துக்கு 7, மொத்தம் 28. இரண்டு கட்டு சேர்த்து ஆடினால் 56.

ஏலம் கேட்டு ஜெயித்தவர் துருப்பைத் தீர்மானித்து மூடி வைப்பார். 28-ல் மூடிய துருப்பு திறக்கும்வரை அந்த இனம் சாதாரண இனம்தான், வெட்டும் சக்தி இல்லை. இறக்கிய இனம் இல்லாதவர் திறக்கச் சொல்லலாம். இங்கேயும் காலியான கைதான் சாவி.

304 ஆடிப் பழகியவர் மெண்டிகோட்டில் உட்கார்ந்தால் முதல் நாள் ஜாக்கியைக் கம்பீரமாக இறக்கிவிட்டு ராணியிடம் தோற்பார். கை பழகியது அப்படி.

துருப்பே இல்லாமல்

துருப்பு இல்லாத பிடி ஆட்டங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் இன்றும் கையால் வரையும் வட்டச் சீட்டான கஞ்சிஃபா அந்த வகை. தசாவதாரக் கட்டில் பத்து இனம், இனத்துக்கு 12, மொத்தம் 120 சீட்டு. பகலில் ஆடினால் ராமரை வைத்திருப்பவரும் இரவில் கிருஷ்ணரை வைத்திருப்பவரும் தொடங்குவார்கள். வெட்டு என்ற பயமே இல்லாததால் எது போனது, எது மிச்சம் என்ற ஞாபகம்தான் முழு ஆட்டமும். நம் பெரும்பாலோருக்கு 52-ஏ கண்ணைக் கட்டுகிறது.

ஜட்ஜ்மென்ட்

குஜராத்தி அண்டை வீடுகளில் காச்சுஃபுல் என்பார்கள். இதில் கூட்டணி கிடையாது. சீட்டைப் பார்த்ததும் எத்தனை பிடி எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னது அப்படியே நடந்தால்தான் புள்ளி. ஒன்று குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. துருப்பு ஒவ்வொரு முறை சீட்டைப் பங்கிடும்போதும் இஸ்பேடு, டைமன், கிளாவர், ஆட்டின் என்று மாறிக்கொண்டே வரும்.

புதியவர்களுக்குப் பிடித்த அறிவிப்பு "பூஜ்யம்". சும்மா இருந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் துருப்பு ஏஸ் கையில் இருந்தால் பூஜ்யம் சொல்லவே கூடாது. எல்லாச் சீட்டையும் போட்டாக வேண்டிய ஆட்டத்தில் அது எந்தச் சுற்றில் விழுந்தாலும் பிடி உங்கள் தலையில்தான். மற்ற இனத்து ஏஸ்களுக்கு அப்படியில்லை. இறக்கிய இனம் உங்களிடம் தீர்ந்த ஏதாவது ஒரு சுற்றில் அந்த ஏஸைக் கழித்துவிடலாம்.